செயினா, ஷாஃப்டா, பீட்டிலா: பழைய பாணி ரேஸ் காரை வீட்டில் கட்ட மூன்று வழிகள்

நான்கு சக்கரங்களும் உடலுக்கு வெளியே, ஒற்றை இருக்கை, சுருட்டு வடிவத்தில் நீண்ட அலுமினிய உடல். 1930-க்கும் 1960-க்கும் இடைப்பட்ட கிராண்ட் பிரீ கார்களின் அழகில் மயங்கி, அப்படி ஒன்றை வீட்டுப் பட்டறையில் கட்ட ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் உடலில் இருந்தே யோசிக்கத் தொடங்குகிறார்கள். மூக்கு எப்படி வர வேண்டும், வால் எவ்வளவு நீளம், என்ன நிறம். அதெல்லாம் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் முடிவு செய்ய வேண்டியது, இன்ஜின் சக்தி பின்சக்கரத்துக்கு எந்த வழியாகப் போகும் என்பதைத்தான். ஓட்டுபவர் எவ்வளவு உயரத்தில் உட்காருவார், கார் எந்தக் காலத்தைச் சேர்ந்ததாகத் தெரியும், லேத் பட்டறைக்கு எத்தனை முறை அலைய வேண்டியிருக்கும் எல்லாமே அதைப் பொறுத்தவை.

வீட்டில் கார் கட்டியவர்கள் உலகெங்கும் நடந்து பார்த்த பாதைகள் மூன்று. மூன்றுக்கும் நம் ஊர்ப் பழைய சாமான் சந்தையில் இணையான வண்டிகள் இருக்கின்றன என்பதால் வெளிநாட்டு வழியையும் நம் ஊர் வண்டியையும் சேர்த்தே பார்க்கலாம்.

முன்னால் இன்ஜின், நடுவே ஷாஃப்ட்

இதற்குத் தாய்வீடு பிரிட்டனின் ஆஸ்டின் 7. 1922 முதல் 1939 வரை ஏறத்தாழ 2,90,000 கார்கள் வந்தன. பெரும்பாலானவற்றில் 747 சிசி இன்ஜின், முன்பக்கம் குறுகிச் சேரும் 'ஏ' வடிவச் சட்டம், முன்னால் குறுக்கே ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங். போர் முடிந்த பிறகு பழைய ஆஸ்டின்கள் மலிவாகக் கிடைத்தன. மேலுடலைக் கழற்றிவிட்டுத் தாங்களே செய்த தகட்டு உடலை ஏற்றி ஓட்டத் தொடங்கினார்கள் இளைஞர்கள். காலின் சாப்மன் 1948-ல் கட்டிய முதல் லோட்டஸ், 1928-ம் வருட ஆஸ்டின் 7 ஒன்றின் மேல் எழுந்தது. நியூசிலாந்தில், பின்னாளில் மெக்லாரன் அணியைத் தொடங்கிய புரூஸ் மெக்லாரன் 15 வயதில் முதன்முதலாகப் போட்டியில் ஓட்டியதும் ஆஸ்டின் 7 அல்ஸ்டர்தான்.

இந்த வழியின் பெரிய லாபம், சட்டம், ஆக்ஸில், ஸ்டியரிங், கியர்பாக்ஸ் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்திய நிலையிலேயே கைக்கு வந்துவிடுகின்றன. வேலையில் பாதி, வேண்டாததைக் கழிப்பதுதான். புதிதாகக் கணக்குப் போட்டுச் செய்ய வேண்டிய பாகம் குறைவு. தோற்றத்திலும் 1930-களின் இலக்கணம் தானாக அமைந்துவிடும்: முன்னால் நிற்கும் ரேடியேட்டர், நீண்ட பானட், பின் ஆக்ஸிலை ஒட்டி உட்காரும் ஓட்டுநர்.

ஆனால் உட்காரும் இடம்தான் சிக்கல். ஒற்றை இருக்கைக் காரில் ஓட்டுநர் நடுவில் உட்கார வேண்டும். ஷாஃப்டும் நடுவில்தான் ஓடுகிறது. ஆக, ஷாஃப்டுக்கு மேலே இருக்கை, கியர்பாக்ஸுக்கு இரண்டு பக்கமும் கால்கள். இந்தத் தொல்லை பெரிய கம்பெனிகளுக்கும் இருந்தது. 1932-ல் வந்த ஆல்ஃபா ரோமியோ பி3-ல் அதன் வடிவமைப்பாளர் விட்டோரியோ யானோ டிஃபரென்ஷியலை (வளைவில் இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பற்சக்கரக் கட்டு) கியர்பாக்ஸுக்குப் பின்னாலேயே வைத்து, அங்கிருந்து 'வி' வடிவில் இரண்டு ஷாஃப்டுகளைப் பின்சக்கரங்களுக்கு அனுப்பினார். வீட்டில் அதைச் செய்யப் போவதில்லை. ஓட்டுநரின் தலை உயரத்தில் நிற்கும் கார் என்று ஏற்றுக்கொண்டு, அதற்கேற்ப உடலை வரைவதே வழி. ஷாஃப்டைச் சுற்றி இரும்பு வளையம் போடுவதை மட்டும் யாரும் தவிர்க்கக் கூடாது. முன் ஜாயிண்ட் உடைந்தால் சுழலும் கம்பி நேராக ஓட்டுபவரின் உடம்புக்கு வரும்.

நம் ஊரில் இதற்குப் பொருத்தமானது பிரீமியர் பத்மினி. 1,089 சிசி இன்ஜின், முன்னால் இரட்டை விஷ்போனும் (சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் 'ஏ' வடிவக் கை) காயில் ஸ்பிரிங்கும், பின்னால் கனமான ஆக்ஸிலும் பட்டை ஸ்பிரிங்கும். சக்கரம் வெளியே தெரியும் காரில் சஸ்பென்ஷனும் காட்சிப்பொருள். அந்த வகையில் பத்மினியின் விஷ்போன்கள் கண்ணுக்கு அழகாகவே நிற்கும். ஸ்டியரிங் தண்டில் இருக்கும் கியர் கம்பியை மட்டும் இறக்கிப் பக்கவாட்டுக்குக் கொண்டுவர வேண்டும். குறை, எடை. பின் ஆக்ஸில் ஒரு முழு சலூன் காரைச் சுமக்கச் செய்தது. அந்தக் காரில் பாதி எடைகூட இல்லாத வண்டியில் அது குலுங்கிக் குதிக்கும். பட்டைகளில் சிலவற்றை எடுத்துவிட்டால் ஓரளவு அடங்கும்.

பின்னால் பைக் இன்ஜின், செயின்

எனக்கு மிகவும் பிடித்த வழி இது. காரணம் வெறும் ஆசை இல்லை. மோட்டார் பந்தயத்தின் முகத்தை மாற்றியது வீட்டுப் பட்டறைக்காரர்களின் இந்தக் கைவேலைதான்.

1946-ல் லண்டனை ஒட்டிய சர்பிட்டனில் சார்ல்ஸ் கூப்பரும் மகன் ஜானும் ஃபியட் டோப்போலினோ கார்கள் இரண்டின் முன்பகுதிகளை அறுத்து, முதுகோடு முதுகாக வைத்து வெல்டு செய்தார்கள். முன்னாலும் பின்னாலும் ஒரே மாதிரி சஸ்பென்ஷன்: மேலே குறுக்குப் பட்டை ஸ்பிரிங், கீழே விஷ்போன். ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் ஒற்றை சிலிண்டர் 500 சிசி ஜே.ஏ.பி. இன்ஜின், மண் தடத்தில் ஓடும் பைக்குகளுக்குச் செய்தது. அதிலிருந்து பைக் கியர்பாக்ஸ், அங்கிருந்து செயின், பின்சக்கரம். டிஃபரென்ஷியலே கிடையாது.

இன்ஜினைப் பின்னால் வைத்ததில் பெரிய தத்துவம் ஏதும் இல்லை. செயின் நீளமானால் துள்ளும், அறுந்துபோகும். அதனால் இன்ஜின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் இருந்தாக வேண்டும். அந்த நடைமுறைத் தேவையால் ஷாஃப்ட் ஒழிந்தது, இருக்கை தரையோடு தாழ்ந்தது, கார் சின்னதாக, எடை குறைந்ததாக ஆனது. பிரிட்டிஷ் பந்தய ஓட்டுநர் ஸ்டெர்லிங் மாஸ் 1948-ல் கூப்பர் 500-ல்தான் தொடங்கினார். 1950-ல் இந்த 500 சிசி வகுப்பு சர்வதேச ஃபார்முலா 3 ஆனது. அதே மாஸ் 1958-ல் அர்ஜென்டினாவில் கூப்பரில் ஜெயித்தபோது, ஃபார்முலா 1 உலகச் சாம்பியன்ஷிப் பந்தயம் ஒன்றைப் பின்-இன்ஜின் கார் வென்றது அதுவே முதல்முறை. 1959-லும் 1960-லும் ஜாக் பிராபம் கூப்பரில் உலகச் சாம்பியன். அதற்கு அப்புறம் முன்-இன்ஜின் கார்களுக்கு எதிர்காலம் இருக்கவில்லை.

வீட்டில் கட்டுபவருக்கு இதில் என்ன கிடைக்கிறது? இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒருவர் தூக்கிவிடும் எடையில் இருக்கின்றன. காற்றால் குளிரும் இன்ஜினாக இருந்தால் ரேடியேட்டர், தண்ணீர்க் குழாய் எதுவும் வேண்டாம். செயின் என்பதால் ஸ்ப்ராக்கெட்டின் பல் எண்ணிக்கையை மாற்றி ஒரு மாலை நேரத்தில் வேகத்தையும் இழுவையையும் சரிசெய்துகொள்ளலாம். ஷாஃப்ட் காரில் அதே மாற்றத்துக்குப் பின் ஆக்ஸிலுக்குள் இருக்கும் கிரவுன் பினியன் பற்சக்கரங்களையே மாற்ற வேண்டும்.

சென்னையில் 1955 முதல் உருவாகிவரும் புல்லட் இதற்கென்றே செய்தது போன்ற இன்ஜின். பழைய 350-க்கு 70 × 90 மி.மீ., 500-க்கு 84 × 90 மி.மீ. (சிலிண்டர் விட்டம் × பிஸ்டன் ஓடும் தூரம்) என்ற நீள் ஸ்ட்ரோக். கூப்பரில் இருந்த ஜே.ஏ.பி. மெத்தனாலில் ஓடிச் சுமார் 40 குதிரைத்திறன் கொடுத்தது. பழைய புல்லட் 350 கொடுப்பது 18. ஆகவே வேகத்தில் கூப்பரோடு போட்டி போட முடியாது. ஆனால் குணம் அதே குணம்: கீழ் ஆர்பிஎம்மிலேயே தள்ளும் இழுவை, தடதடக்கும் ஒற்றை சிலிண்டர் சத்தம். தனி கியர்பாக்ஸ் வைத்த பழைய புல்லட் இன்ஜின் எனக்கு இன்னும் உகந்ததாகப் படுகிறது; பார்ப்பதற்கும் அந்தக் காலத்தது.

கடினமான இடங்களையும் சொல்லிவிட வேண்டும். முதலாவது, பின் சஸ்பென்ஷன். செயின் ஓட்டும் ஸ்ப்ராக்கெட் மேலும் கீழும் ஆடினால் செயின் ஒரு கணம் இறுகி ஒரு கணம் தளரும். அதனால் ஸ்ப்ராக்கெட்டைச் சட்டத்திலேயே பேரிங் வைத்து நிறுத்திவிட்டு, இரண்டு பக்கமும் ஜாயிண்ட் உள்ள அரை ஷாஃப்டுகளால் சக்கரத்துக்குச் சக்தி அனுப்ப வேண்டும். மாருதி 800-ன் டிரைவ் ஷாஃப்டுகளை இதற்கு வெட்டிச் சேர்க்கலாம், நல்ல லேத்காரர் கிடைத்தால். நேர் ஆக்ஸில் போட்டு சஸ்பென்ஷன் இல்லாமலே விடுவது எளிது. ஆனால் அது கோ-கார்ட் ஆகிவிடும், ரேஸ் கார் ஆகாது. இரண்டாவது, அதிர்வு. பெரிய ஒற்றை சிலிண்டர் எந்த வெல்டிங்கையும் தேடிப் பிடித்து விரிசல் விடவைக்கும். இன்ஜினைத் தாங்கும் தகடுகள் தடிமனாக, மூன்று இடத்திலாவது பிடித்திருக்க வேண்டும். மூன்றாவது, கிளட்ச். பைக்கின் எடைக்குச் செய்த கிளட்ச் காரை நின்ற நிலையிலிருந்து இழுக்கும்போது சூடாகும். கடைசியாக, ரிவர்ஸ் கியர் இல்லை. தடத்தில் சுழன்று நின்றால் இறங்கித் தள்ளவேண்டியதுதான்.

டிஃபரென்ஷியல் இல்லாததைக் குறையாக நான் எண்ணவில்லை. இரண்டு பின்சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றுவதால் மெதுவான வளைவில் மூக்கு நேராகப் போகப் பார்க்கும். ஆக்ஸிலரேட்டரை அழுத்திப் பின்பக்கத்தைச் சற்று நழுவவிட்டுத் திருப்பக் கற்றுக்கொள்ள வேண்டும். ஒல்லி டயர் போட்டிருந்தால் அது குறைந்த வேகத்திலேயே நடக்கும்.

காரின் முழுத் தொகுப்பும் பின்னால்

மூன்றாவது வழியில் சின்னக் கார் ஒன்றின் இன்ஜின், கியர்பாக்ஸ், டிஃபரென்ஷியல் மூன்றையும் ஒரே கட்டாக எடுத்து ஓட்டுநருக்குப் பின்னால் வைக்கிறோம். அமெரிக்காவில் ஹியூபர்ட் பிரண்டேஜ் 1959-ல் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் பாகங்களைக் கொண்டு ஒரு பந்தயக் கார் செய்யச் சொல்லி இத்தாலியின் என்ரிக்கோ நார்டியிடம் கொடுத்தார். அதிலிருந்து பிறந்ததுதான் ஃபார்முலா வீ என்ற பந்தய வகுப்பு. பின்னாளில் ஃபார்முலா 1 சாம்பியன்களான நிக்கி லாடா, கேகே ரோஸ்பெர்க், எமர்சன் ஃபிட்டிபால்டி மூவரும் இந்த வகுப்பைக் கடந்து வந்தவர்கள்.

பீட்டிலின் முன் சஸ்பென்ஷன் வீட்டில் கட்டுபவருக்கு ஒரு வரம். இரண்டு குழாய்களுக்குள் டார்ஷன் பார்கள் (முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங் வேலை செய்யும் கம்பிகள்), இரு முனையிலும் கைகள். முழுவதும் நான்கு போல்ட்டில் கழன்று வந்துவிடும். சட்டத்தில் நான்கு துளை சரியாக இருந்தால் முன்பக்க வேலை முடிந்தது. பின்பக்கம்தான் கவனம் கேட்கும். இன்ஜினை ஆக்ஸிலுக்கு முன்னால் கொண்டுவர முழுத் தொகுப்பையும் திருப்பி வைத்தால் நான்கு ரிவர்ஸும் ஒரு முன் கியருமாக ஆகிவிடும். அதைச் சரிசெய்ய டிஃபரென்ஷியலின் கிரவுன் வீலை மறுபக்கம் மாற்றிப் போட வேண்டும். டிஃபரென்ஷியல் பக்கம் மட்டும் மூட்டு வைத்து, சக்கரத்தோடு மேலும் கீழும் ஆடும் ஸ்விங் ஆக்ஸில் இன்னும் முக்கியம். வேகமான வளைவில் பின்பக்கம் தூக்கினால் வெளிச்சக்கரம் உள்ளே மடங்கி, பிடிப்பு திடீரென்று போய்விடும். சக்கரம் கீழே தொங்கும் அளவைக் கட்டுப்படுத்தாமல் இந்தக் காரை ஓட்டவே கூடாது.

தோற்றத்தில் பீட்டிலுக்கு ஒரு சுவையான நியாயம் உண்டு. 1934 முதல் ஆட்டோ யூனியன் நிறுவனத்துக்காக ஃபெர்டினாண்ட் போர்ஷே வடிவமைத்த 16 சிலிண்டர் கிராண்ட் பிரீ கார்களிலும் இன்ஜின் ஓட்டுநருக்குப் பின்னால்தான். முன்னால் அதே டார்ஷன் பார் கைகள், பின்னால் அதே ஸ்விங் ஆக்ஸில். 1936-ல் பெர்ண்ட் ரோஸ்மெயர் ஐரோப்பியச் சாம்பியன் ஆனது அந்த வகைக் காரில். பீட்டிலும் போர்ஷேயின் கையிலிருந்து வந்ததுதான். ஆகவே பீட்டில் பாகங்களின் மேல் வெள்ளி நிற ஆட்டோ யூனியன் வடிவ உடலை ஏற்றுவது வேஷம் ஆகாது, ஒரே குடும்பத்துச் சேர்க்கை. ஆனால் இந்தியாவில் பீட்டில் அரிது. கிடைக்கும் ஒன்றிரண்டை அறுப்பதற்கு எனக்கு மனம் வராது.

இங்கே இந்த வழியைக் காட்டியவர் கோவையின் கரிவர்தன். 1988-ல் அவர் உருவாக்கிய ஃபார்முலா மாருதி, மாருதி 800-ன் 796 சிசி மூன்று சிலிண்டர் இன்ஜினைப் பின்னால் வைத்தது. நரேன் கார்த்திகேயன் பந்தய வாழ்க்கையைத் தொடங்கிய கார் அது. மலிவு, உதிரிபாகம் எங்கும் கிடைக்கும், ஒரு தலைமுறைக்கே பந்தயம் கற்றுக்கொடுத்தது. பொறியியலாக மூன்றிலும் எளியது இதுதான் என்பேன். பழைய பாணி வேண்டும் என்பவருக்கு மட்டும் இது ஒத்துவராது. குறுக்காக உட்காரும் இன்ஜின் வாலை அகலமாக்கிவிடும். ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் ஒன்றாகத் தாங்கும் உயரமான ஸ்ட்ரட்கள் சக்கரத்துக்குப் பக்கத்தில் கம்பம் நட்டது போல நிற்கும். சுருட்டு வடிவம் கடைசிவரை வராது.

எந்த வழியானாலும் சக்கரத்தில் கை வைக்காதீர்கள்

பழைய தோற்றத்துக்காக புல்லட்டின் ஸ்போக் சக்கரங்களை நாலு மூலையிலும் மாட்டும் ஆசை எல்லோருக்கும் வரும். பைக் வளைவில் சாய்கிறது, அதனால் அதன் ஸ்போக்குகளுக்குப் பக்கவாட்டுச் சுமை குறைவு. கார் சாயாது, முழு விசையும் பக்கவாட்டில் விழும். அகலமான ஹப்பும் குறுக்கும் நெடுக்குமான ஸ்போக் வரிசைகளும் உள்ள கார் சக்கரம்தான் அதைத் தாங்கும். அது கிடைக்கவில்லை என்றால் குறுகிய இரும்பு ரிம் போதும். அமெரிக்காவில் சைக்கிள்கார்ட் என்ற பெயரில் மொபெட் சக்கரமும் சுமார் 6 குதிரைத்திறன் ஹோண்டா இன்ஜினும் வைத்து 1920-களின் சாயலில் சின்னக் கார்கள் செய்கிறார்கள். அந்த எடைக்கும் வேகத்துக்கும் அது சரி. வெல்டிங் இப்போதுதான் பழகுகிறவர்களுக்கு நல்ல முதல் வண்டியும்கூட.

கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் ரோல் வளையம் பற்றி எனக்கு இரண்டாம் எண்ணம் கிடையாது. அந்தக் காலக் கார்களில் அது இல்லை, பெல்ட்டும் இல்லை. நிறைய பேர் செத்தார்கள். ஹெல்மெட்டுக்கு மேலே நிற்கும் சீம்லெஸ் (இணைப்புக் கோடு இல்லாத) குழாய் வளையம் படத்தின் அழகைக் கொஞ்சம் கெடுக்கும்தான், கெடுக்கட்டும். இந்தக் கார் எதற்கும் சாலைப் பதிவை எதிர்பார்க்க வேண்டாம். இருங்காட்டுக்கோட்டை, செட்டிபாளையம் போன்ற மூடிய தடம்தான் அதற்கு இடம், அங்கே பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் உள்ளே விடவும் மாட்டார்கள்.

1930-களின் நீண்ட பானட்தான் கனவு என்றால் பத்மினியைத் தேடுங்கள். எடை, உயரம் இரண்டையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். முதல் தடவையாகக் கட்டுகிறீர்கள், தனியாகக் கட்டுகிறீர்கள், இடமும் ஒரு கார் நிற்கும் அளவுதான் என்றால் என் ஓட்டு செயினுக்கு. முன்னால் பத்மினியின் விஷ்போன், பின்னால் புல்லட் இன்ஜின், நடுவில் சீம்லெஸ் குழாயில் ஏணிச் சட்டம். பழைய கூப்பரும் ஃபியட் காலில்தான் நின்றது, பத்மினியும் ஃபியட் 1100-ன் வாரிசு. சென்னை புதுப்பேட்டைப் பழைய உதிரிபாகச் சந்தையில் விஷ்போன் வாங்கும்போது இரண்டு பக்கமும் ஒரே காரிலிருந்து கழற்றியதா என்று கேட்டு, சக்கரம் மாட்டும் குட்டை அச்சான ஸ்டப் ஆக்ஸிலின் வேர்ப்பகுதியில் விரிசல் இருக்கிறதா என்று மண்ணெண்ணெய் தடவித் துடைத்துச் சுண்ணாம்புப் பொடி பூசிப் பாருங்கள். விரிசல் இருந்தால் பொடியின் மேல் ஈரக் கோடு எழும்.