ஃபிஜி: காம்போசிட்டின் நுண்ணமைப்பை அளக்க ஓர் இலவச மென்பொருள்

கார்பன் இழையும் எபாக்ஸி ரெசினும் சேர்ந்த காம்போசிட்டின் குறுக்குவெட்டை மெருகேற்றி நுண்ணோக்கியில் படமெடுத்த பின், இழைகளின் பங்கு எவ்வளவு, அவை எங்கே நெருங்கிக் கிடக்கின்றன என்று கணக்கிட நான் முதலில் பரிந்துரைப்பது ஃபிஜியைத்தான். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் வேய்ன் ராஸ்பேண்ட் உருவாக்கிய இமேஜ்ஜே மென்பொருளுடன் பல செருகுநிரல்களைச் சேர்த்துக் கட்டிய தொகுப்பு இது. உயிரியலாளர்களுக்காக உருவானது என்றாலும் இழை ஆய்வுக்கும் நன்றாகவே உதவுகிறது. உரிமக் கட்டணமும் இல்லை.

எச்சரிக்கை தேவைப்படும் இடம் த்ரெஷோல்டு, அதாவது எவ்வளவு வெளிச்சமான பிக்சல்களை இழையாகக் கொள்வது என்று நாம் வகுக்கும் எல்லை. 7 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள இழை படத்தில் 20 பிக்சலாகத் தெரிகிறது என்று கொள்வோம். த்ரெஷோல்டைச் சற்றே தளர்த்தி, இழையின் விளிம்பு சுற்றிலும் அரை பிக்சல் விரிந்தால் விட்டம் 21 ஆகும், பரப்பு ஏறத்தாழ 10 விழுக்காடு கூடும். 55 விழுக்காடாக இருக்க வேண்டிய இழைப் பங்கு 60-ஐத் தாண்டிவிடும். ஓட்சு முறை உட்படப் பல தானியங்கி வழிகள் இருந்தும், எது சரி என்று மென்பொருள் சொல்லாது. ஆகவே உருப்பெருக்கத்தைக் கூட்டிப் படமெடுப்பதே உண்மையான தீர்வு. ஒட்டிய இழைகளைப் பிரிக்கும் வாட்டர்ஷெட் கட்டளை இடையில் ஒரு பிக்சல் கோட்டை அழித்துவிடுவதால், பங்கை அதற்கு முன்பே அளந்துவிட வேண்டும். எண்ணும்போது ஓரத்தில் வெட்டுப்பட்ட இழைகளை ஒதுக்குவது சரிதான். பங்கைக் கணக்கிடும்போது ஒதுக்கினால் விடை குறைந்துவிடும்.

சாய்ந்த இழையின் குறுக்குவெட்டு நீள்வட்டமாகத் தெரியும் என்பதால், இழையின் சாய்வை அந்த நீள்வட்டத்தின் இரு அச்சுகளின் விகிதத்திலிருந்து பெறலாம். ஆனால் 10 பாகை சாய்ந்த இழையில் நீள அச்சு 20.3 பிக்சல்தான், அந்த வேறுபாடு படத்தின் இரைச்சலிலேயே கரைந்துவிடும். மாதிரியைச் சாய்வாக வெட்டினால் மட்டுமே இந்த அளவு நம்பத்தக்கது.

காம்போசிட்டுக்குள் காற்று சிக்கிய வெற்றிடங்களைப் பிரித்தறிய வெக்கா செருகுநிரல் மிகச் சிறப்பு: இழை, ரெசின், வெற்றிடம் மூன்றிலும் சில கோடுகள் கிழித்துக் காட்டினால் மீதியை அதுவே கற்றுக்கொள்கிறது. பெரிய படங்களில் நினைவகத்தை விழுங்குகிறது என்பது உண்மையான குறை. செய்த கட்டளைகளை மேக்ரோ ரெக்கார்டரில் பதிந்து வைத்துக்கொண்டால், எல்லா மாதிரிகளையும் ஒரே அளவுகோலில் அளக்கலாம். இந்த ஒரு வசதிக்காகவே ஆய்வு மாணவர்கள் இதைக் கற்க வேண்டும் என்பேன்.