அச்சு அசல், மெருகு, புது வார்ப்பு: பழைய ஹிட்டைத் திரும்பப் பதிவுசெய்தால் எது தேறும்?

டெஃப் லெப்பர்ட் ரசிகர்களிடம் 2012-ஐப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், இரண்டு கட்சி பிரிந்துவிடும். அந்த ஆண்டு ஜூனில் அந்த ஷெஃபீல்டு இசைக்குழு 1983-இல் வந்த ‘ராக் ஆஃப் ஏஜஸ்’, 1987-இல் வந்த ‘போர் சம் சுகர் ஆன் மீ’ இரண்டையும் அடியிலிருந்து மறுபடி பதிவுசெய்து டிஜிட்டலில் வெளியிட்டது. டிஜிட்டல் விற்பனையில் யாருக்கு எவ்வளவு என்பதில் அவர்களின் இசை நிறுவனமான யுனிவர்சலோடு தகராறு. குழு சம்மதிக்காமல் பழைய பதிவுகளை இணையக் கடையில் வைக்க முடியாத நிலை. சம்மதத்தை நிறுத்திவைத்துவிட்டு, அதே பாட்டை அச்சு அசலாகத் தாங்களே செய்துவிட்டார்கள். பாடகர் ஜோ எலியட் அவற்றுக்கு வைத்த பெயரே ‘போலிகள்’.

‘பாடுபட்டவனுக்குக் காசு போகட்டும்’ என்பது ஒரு கட்சி. ‘ஸ்டீவ் கிளார்க் வாசிக்காத சுகர் எனக்கெதற்கு’ என்பது மறு கட்சி. குழுவின் கிட்டாரிஸ்ட்டான கிளார்க் 1991-இலேயே இறந்துவிட்டார். முதல் கட்சி கணக்கைப் பேசுகிறது, இரண்டாவது காதைப் பேசுகிறது. இரண்டையும் ஒரே தராசில் போடுவதால்தான் சண்டை ஓய்வதில்லை.

கணக்கை முதலில் முடித்துவிடலாம். ஒரு பாட்டில் இரண்டு உரிமை உண்டு: வரியும் மெட்டும் எழுதியவருக்கான உரிமை ஒன்று, ஒலிப்பதிவுக்கான மாஸ்டர் உரிமை இன்னொன்று. படத்திலோ விளம்பரத்திலோ பாட்டைப் போட இரண்டு அனுமதியும் வேண்டும். கட்டணத்தைப் பெரும்பாலும் சரிபாதியாகப் பேசுவார்கள். 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 50 எழுதியவர்களுக்கு, 50 மாஸ்டர் வைத்திருப்பவருக்கு. மறுபதிவு செய்தால் இந்த இரண்டாவது 50 கைமாறும். முதல் 50 அசையாது. அதனால்தான் இரண்டு பாட்டிலும் சேர்ந்து எழுதிய தயாரிப்பாளர் மட் லாங்குக்கு, போலி ஓடினாலும் பங்கு போகும்.

நினைத்த நேரத்தில் மறுபதிவு செய்துவிடவும் முடியாது. பாட்டு வெளியாகி 5 ஆண்டு, அல்லது ஒப்பந்தம் முடிந்து 2 ஆண்டு, எது பிந்தியதோ அதுவரை கூடாது என்று ஒப்பந்தங்களில் வழக்கமாக எழுதியிருக்கும். டெய்லர் ஸ்விஃப்ட் தன் பழைய ஆல்பங்களை மறுபதிவு செய்து வெளியிட்டதற்குப் பிறகு நிறுவனங்கள் இந்தக் காலத்தை இன்னும் நீட்டப் பார்க்கின்றன.

இனி காது. மறுபதிவில் மூன்று வகை.

அச்சு அசல் (டெஃப் லெப்பர்ட் 2012, பிரிட்டிஷ் குழு ஸ்குவீஸ் 2010)

மூன்றில் கடினமானது இதுதான். அமெரிக்கச் சட்டம் ஒலிப்பதிவைப் போலவே பாடி வாசிப்பதைத் தடுப்பதில்லை. ஆனால் எல்லா ஒலியும் புதிதாக உண்டாக்கியதாக இருக்க வேண்டும். பழைய மாஸ்டரிலிருந்து ஒரே ஒரு ஸ்நேர் டிரம் அடியை உருவினாலும் அந்தப் பாதுகாப்பு போய்விடும். ‘சுகர்’ இடம்பெற்ற ‘ஹிஸ்டீரியா’ ஆல்பத்துக்கு இது பெரிய இடி. 1984 டிசம்பர் 31 விபத்தில் குழுவின் டிரம்மர் ரிக் ஆலன் இடது கையை இழந்தார். அந்த ஆல்பத்தின் டிரம்ஸ் ஃபேர்லைட் என்ற கணினி இசைக் கருவியில் ஏற்றிய சாம்பிள்களால், அதாவது பதிந்த ஒலித் துண்டுகளால், கட்டப்பட்டவை. அதே அடி மறுபடி வேண்டுமென்றால் வேறு ஒலிகளை அடுக்கி, ஈக்யூவையும் (ஒலியின் தன்மை) ரிவெர்பையும் (எதிரொலி) திருகித் திருகித்தான் கிட்டே போக வேண்டும்.

வேலை நடக்கும் விதம் இப்படி: அசல் ஸ்டீரியோ பதிவை மென்பொருளில் ஏற்றி, தாளத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் (பார்) வேகம் எவ்வளவு என்று டெம்போ வரைபடம் போடுவார்கள். பழைய டேப் எந்திரம் கொஞ்சம் வேகமாகவோ மெதுவாகவோ ஓடியிருந்தால் பாட்டே சில சென்ட் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு) ஏறியோ இறங்கியோ இருக்கும். கிட்டாரை அதற்கேற்ப ட்யூன் செய்தாக வேண்டும். இதை விட்டுவிட்டால் சுருதி சரியாக இருந்தும் ‘என்னவோ மாதிரி’ கேட்கும். பிறகு ஒவ்வொரு கருவியாக அசலின் மேல் வைத்து வாசித்து, ஒரு பக்க ஸ்பீக்கரில் அசல், மறுபக்கம் புதியது என்று ஒப்பிடுவார்கள். ஹிஸ்டீரியாவின் கிட்டார் ஒலியில் பாஸ்டன் குழுவின் டாம் ஷோல்ஸ் வடிவமைத்த ராக்மேன் என்ற கிட்டார் ஆம்ப் பெட்டிக்குப் பெரும்பங்கு உண்டு. பெட்டி கிடைக்கும். ஆக, கிட்டாரில் நகல் ஏறக்குறைய தேறிவிடும்.

தேறாதது குரல். எலியட் 1983-இல் தொட்ட உச்சியை 50 வயதைத் தாண்டித் தொட வேண்டும். சுருதியைத் திருத்த மென்பொருள் உண்டு. தொண்டையின் கரகரப்பு உடையும் இடத்தைத் திருத்த ஒன்றும் இல்லை. கோரஸிலும் இதே கதை. அசலில் குரல்களை அடுக்கடுக்காக ஏற்றிச் சுவர் எழுப்பியிருப்பார்கள், அந்தச் சுவரில் லாங்கின் குரலும் உண்டு. எத்தனை அடுக்கு என்பதைப் படியெடுக்கலாம், யார் குரல் என்பதை முடியாது. வித்தியாசம் கண்டுபிடிக்க நினைப்பவர்கள் டிரம்ஸை விட்டுவிட்டு, கோரஸின் முடிவில் மெய்யெழுத்துகள் எப்படி அறுபடுகின்றன என்று கேளுங்கள்.

மெருகு (ஜெஃப் லின் 2012, ட்விஸ்டட் சிஸ்டர் 2004)

அசல் தனக்குத் திருப்தியில்லை என்று படைத்தவரே திருத்துவது இந்த வகை. தன் குழுவான ஈஎல்ஓவின் (எலெக்ட்ரிக் லைட் ஆர்கெஸ்ட்ரா) ஹிட்களை ஜெஃப் லின் ஏறக்குறைய எல்லாக் கருவிகளையும் தானே வாசித்துச் செய்தார். ட்விஸ்டட் சிஸ்டர் 1984-இன் ‘ஸ்டே ஹங்ரி’ ஆல்பம் முழுவதையும் இன்னும் கனமான ஒலியோடு ‘ஸ்டில் ஹங்ரி’ ஆக்கியது. சுத்தமாக இருக்கும், பாட்டை முதன்முதலில் கேட்பவருக்கு ஒரு குறையும் தெரியாது. ரசிகனுக்குத்தான் சிக்கல்: படைத்தவர் குறை என்று துடைத்ததில் பாதி, அவன் பாட்டின் அங்கமாகவே கேட்டுப் பழகியது. மூன்றில் எனக்கு ஒட்டாதது இதுதான். நகலின் பயனும் இல்லை, புதுமையின் துணிச்சலும் இல்லை.

புது வார்ப்பு (தி போலீஸ் 1986)

1980-இல் பிரிட்டனில் முதலிடம் பிடித்த ‘டோன்ட் ஸ்டாண்ட் சோ க்ளோஸ் டு மீ’ பாட்டை, குழு பிரியும் தறுவாயில் வேகம் குறைத்து, இருட்டாக மாற்றினார்கள். டிரம்மர் ஸ்டூவர்ட் கோப்லண்ட் குதிரையிலிருந்து விழுந்து காறையெலும்பு முறிந்ததால் டிரம்ஸ் எந்திரத்துக்குப் போனது. வேகம் குறைந்ததில் எழுத்தாளர் நபகோவின் புத்தகத்தைக் குறிப்பிடும் வரியில் ‘புகழ்பெற்ற’ (famous) என்று ஒரு பெயரடையைக் கூடுதலாகச் செருக இடம் கிடைத்தது. அந்தச் சொல்லைக் கேலி செய்யாத ரசிகர் குறைவு. பிரிட்டனில் 24-ஆம் இடத்தோடு நின்றது. ஆனாலும் இதை அசலோடு அடுத்தடுத்துக் கேட்க முடியும். அச்சு அசல் நகலை அப்படிக் கேட்டால் பிழை தேடும் வேலையாகிவிடும்.

வீட்டில் கேட்க அசல். படத்துக்குப் பாட்டு வாங்குபவருக்கு, குழுவோடு நேரடியாகப் பேசி முடிக்க நகல். ஆல்பமாகக் காசு கொடுத்து வாங்குவதென்றால் புது வார்ப்புக்கு மட்டும் கொடுங்கள்.

ஒப்பிடும்முன் ஒலியளவைச் சமப்படுத்துங்கள். 1 டெசிபல் கூடுதலாக ஒலிப்பதே ‘நன்றாக’ இருப்பதுபோல் காதை ஏமாற்றும். புதிய பதிவுகள் பெரும்பாலும் சத்தமானவை. கண்ணை மூடி 16 முறை மாற்றி மாற்றிக் கேட்டு 12 முறையாவது சரியாகச் சொன்னால் வித்தியாசம் உங்கள் காதுக்கு உண்மையிலேயே தெரிகிறது எனலாம்.

கையில் இருப்பது எது என்று தெரியாவிட்டால் பெயருக்குப் பின்னால் ‘2012’ அல்லது மறுபதிவு என்ற குறிப்பு, வட்டத்துக்குள் ‘பி’ போட்ட உரிமை வரியின் ஆண்டு, அதில் உள்ள நிறுவனம் மூன்றையும் பாருங்கள். அப்போதும் சந்தேகமென்றால், விலைக்கு வாங்கிய இரண்டு கோப்புகளை எடிட்டரில் துல்லியமாக ஒன்றின்கீழ் ஒன்று வைத்து, ஒன்றின் அலைவடிவத்தைத் தலைகீழாக்கி (இன்வர்ட்) இரண்டையும் சேர்த்து இயக்குங்கள். ஒரே மாஸ்டர் என்றால் ஏறக்குறைய மௌனம். ரீமாஸ்டர் (அதே பதிவின் ஒலியைச் சீர்செய்தது) என்றால் கொஞ்சம் எச்சம் மிஞ்சும். மறுபதிவு என்றால் இரண்டு பாட்டும் ஒன்றோடொன்று மோதுவது முழுதாகக் கேட்கும். டெஃப் லெப்பர்டின் அசல்கள் 2018 ஜனவரியில் இணையத்துக்கு வந்துவிட்டன, இந்தச் சோதனைக்கு ஆள் தேட வேண்டியதில்லை.