ஒரே சந்தாவில் பல யோக மரபுகள்: பிரிக்ஃபீல்ட்ஸ் நிலையம் ஒன்றைப் பற்றி

கோலாலம்பூரில் யோகா கற்க விரும்புவோருக்கு இடப் பஞ்சம் இல்லை. பங்சாரிலும் மோன்ட் கியாராவிலும் கண்ணாடிச் சுவர் வைத்த நிலையங்கள் உண்டு. பத்துமலையில் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தின் சிவானந்த ஆசிரமம் உண்டு. இவற்றிலிருந்து சற்று மாறுபட்டு, பிரிக்ஃபீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் தெருவொன்றில், பழைய கடைவீட்டின் இரண்டாம் மாடியில் இயங்கும் நிலையம் ஒன்று, ஒரே மாதச் சந்தாவில் ஐயங்கார், அஷ்டாங்க வின்யாசம், சிவானந்த மரபு, யின் யோகா ஆகிய வகுப்புகளையும் மாதத்திற்கொரு தத்துவ வகுப்பையும் தருகிறது. குறைகளையும் சேர்த்தே எழுத வேண்டியிருப்பதால் அதன் பெயரைத் தவிர்க்கிறேன். அந்த வட்டாரத்தில் நடமாடுகிறவர்கள் எளிதில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இப்படிப்பட்ட நிலையத்தை மதிப்பிட வியர்வையின் அளவோ விரிப்பின் தரமோ போதாது. ஒவ்வொரு மரபும் உடலை ஒரு குறிப்பிட்ட நோக்கில் பார்க்கிறது. அந்த நோக்கு ஆசிரியரின் வாயிலிருந்து இறங்கிப் பயிற்சி செய்கிறவரின் காலுக்கும் மூச்சுக்கும் வந்து சேர்கிறதா என்பதுதான் கேள்வி. அவ்வாறு பார்த்தால், இந்த நிலையத்தில் இரண்டு வகுப்புகள் நாம் கொடுக்கும் பணத்துக்கு மேலேயே தகும்; ஒன்று தகாது; மற்றவை நடுவில் நிற்கின்றன.

சனிக்கிழமை காலை நடக்கும் ஐயங்கார் வகுப்பே இங்கு முதலிடத்துக்குரியது. பி.கே.எஸ். ஐயங்கார் (1918–2014) மைசூரில் யோக ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியாரிடம் பயின்று, பின்னர் புனேயில் தங்கி, நோயாளிகளும் முதியவர்களும்கூட ஆசனத்தின் சரியான அமைப்பை அடையும் பொருட்டுக் கட்டை, பட்டை, நாற்காலி, சுவர்க்கயிறு முதலியவற்றைப் பயிற்சிக்குள் கொண்டுவந்தவர். நான் கலந்துகொண்ட ஒரு வகுப்பில் திரிகோணாசனம் ஒன்றுக்கே கால் மணி நேரத்துக்குமேல் செலவானது. பின்காலின் குதிகாலைச் சுவரில் ஒட்டி, முன்காலின் வெளிப்புறத்தில் கட்டையை நிறுத்தி, முழங்கால் சில்லை மேல்நோக்கி இழுத்து, பெருவிரலின் அடிமேட்டைத் தரையில் அழுத்தியபின்தான் இடுப்பைச் சாய்க்க அனுமதி கிடைத்தது. எனக்குப் பக்கத்தில் இருந்த அறுபது வயதைக் கடந்த அம்மையார் எப்படியாவது தரையைத் தொட்டுவிட வேண்டும் என்று குனிந்தபோது ஆசிரியர் அருகில் வந்து, "ஆன்ட்டி, கை தரையைத் தொடணும்னு யாரு சொன்னா? கட்டையிலேயே வைங்க. நெஞ்சு விரியுதா, அதை மட்டும் பாருங்க" என்றார். அம்மையார் கையைக் கட்டைக்கு உயர்த்தியதும் தோள் பின்னுக்குச் சென்று விலாப்பகுதி முழுவதும் திறந்ததை வகுப்பே பார்த்தது.

இதில் தத்துவம் எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் ஏறத்தாழ 195 சூத்திரங்கள் இருந்தும், ஆசனத்தைப் பற்றி நேரடியாகப் பேசுபவை மூன்றுதான். இருக்கை உறுதியாகவும் சுகமாகவும் அமைய வேண்டும், முயற்சியின் இறுக்கம் தளர வேண்டும், அதனால் சூடு–குளிர், இன்பம்–துன்பம் போன்ற இரட்டைகளின் தாக்குதல் ஓய வேண்டும் என்பதோடு அவர் நிறுத்திக்கொள்கிறார். ஐயங்கார் இந்தச் சுருக்கத்தை விரித்து, இயமம் முதல் சமாதி வரை யோகத்தின் எட்டு அங்கங்களையும் ஓர் ஆசனத்துக்குள்ளேயே பயில முடியும் என்று வாதிட்டார். உடலை வதைக்காமல் நிறுத்துவது அகிம்சை. குதிகாலின் வெளிவிளிம்பில் கவனத்தைக் கட்டி வைப்பது தாரணை. சனிக்கிழமை ஆசிரியர் இந்தச் சொற்களில் ஒன்றையும் உச்சரிக்கவில்லை. ஆனால் அவர் செய்ய வைத்தது முழுக்க முழுக்க அதுவே. கருவிகளும் ஒழுங்காக இருக்கின்றன: முதுகுச் சட்டம் நீக்கிய இரும்பு நாற்காலிகள், ஆட்டம் கொடுக்காத சுவர்க்கொக்கிகள், சற்று நைந்தாலும் கொக்கி வழுக்காத பட்டைகள்.

வார நாட்களில் மாலை ஏழரைக்கு நடக்கும் அஷ்டாங்க வின்யாச வகுப்பைப் பற்றி இவ்வளவு நல்லதாகச் சொல்ல இயலவில்லை. இந்த முறையைப் பரப்பிய பட்டாபி ஜோய்ஸும் (1915–2009) கிருஷ்ணமாச்சாரியாரின் மாணவர்தான். ஒரே ஆசிரியரிடமிருந்து, நின்று நிதானித்துச் செப்பனிடும் வழியும் மூச்சோடு இடையறாது ஓடும் வழியும் பிறந்தன என்பது யோக வரலாற்றின் சுவையான முரண்களில் ஒன்று. அஷ்டாங்க முறையில் ஒவ்வோர் அசைவுக்கும் ஒரு மூச்சு உண்டு. பார்வை நிலைக்கும் இடமும் விதிக்கப்பட்டிருக்கிறது. ஆசனங்களின் முதல் வரிசைக்கு யோக சிகிச்சை என்றே பெயர். மைசூர் வழக்கப்படி மாணவர் தம் மூச்சின் வேகத்தில் செய்துகொண்டு போக, முந்தைய ஆசனம் நிலைபெற்ற பின்னரே ஆசிரியர் அடுத்ததைக் கொடுப்பார். முழு வரிசைக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஆகும்.

இங்கோ எல்லாம் அறுபது நிமிடங்களுக்குள் அடைக்கப்படுகிறது. கே.எல். சென்ட்ரல் அலுவலகங்களிலிருந்து நேரே வருகிறவர்களின் வசதிக்காக அப்படி அமைத்திருக்கிறார்கள் போலும். ஜானு சீர்ஷாசனத்தின் மூன்று வகைகளில் ஒன்றை மட்டும் தொட்டுவிட்டு, ஆசிரியை மரீச்யாசனத்துக்குத் தாவினார். ஐந்து மூச்சு என்று எண்ணத் தொடங்கி மூன்றிலேயே "அடுத்தது" என்றார். ஒலிபெருக்கியில் இசை வேறு ஓடிக்கொண்டிருந்ததால், தொண்டையில் உரசி எழ வேண்டிய உஜ்ஜாயி மூச்சின் ஒலி எவருடைய காதிலும் விழ வாய்ப்பில்லை. தம் மூச்சைத் தாமே கேட்க முடியாதவர் அதைப் பின்பற்றுவது எங்ஙனம்? அதைவிடப் பெரிய சிக்கல் வேறு இருக்கிறது. நெடுங்காலம், இடைவிடாமல், பற்றுறுதியோடு செய்யப்படும் பயிற்சியே வேரூன்றும் என்கிறார் பதஞ்சலி. அன்றாடம் அதே வரிசையைத் திரும்பத் திரும்பச் செய்வதன் நியாயமும் அதுதான். வாரத்துக்கு ஒருமுறை, மற்ற மூன்று மரபுகளுக்கு இடையே அஷ்டாங்கத்தை நுனிநாக்கில் சுவைத்துப் பார்க்கச் சொல்வது அந்த மரபின் அடிப்படைக்கே பொருந்தாது. ஆசிரியை தொட்டுத் திருத்துவதற்கு முன் ஒவ்வொருவரிடமும் அனுமதி கேட்கிறார் என்பதை மட்டும் மனமாரப் பாராட்ட வேண்டும். அஷ்டாங்க உலகில் தொடுதல் குறித்துப் பெண்கள் பலர் வெளிப்படையாகப் புகார் கூறிய பிறகு இது கட்டாயமான பழக்கம்.

ஞாயிறு காலை சிவானந்த வகுப்புக்கு மலேசியத் தமிழர்கள் கொஞ்சம் உரிமையோடு போகலாம். திருநெல்வேலிச் சீமையின் பத்தமடையில் 1887ஆம் ஆண்டு பிறந்த குப்புசாமி, மருத்துவராக 1913இல் மலாயாவுக்கு வந்து, சிரம்பான் அருகே தோட்ட மருத்துவமனையிலும் பின்னர் ஜொகூரிலும் பணியாற்றி, 1923இல் நாடு திரும்பியபின் ரிஷிகேசத்தில் துறவு பூண்டு சுவாமி சிவானந்தர் ஆனார். தோட்டப்புறத் தொழிலாளர்களுக்கு மருந்து கொடுத்த கைகள் அவை என்ற நினைவு, நெகிரி செம்பிலானில் பிறந்த எனக்கு அந்த வகுப்பில் உட்காரும்போது வராமல் இருப்பதில்லை. அவருடைய சீடர் விஷ்ணுதேவானந்தர் வகுத்த ஒழுங்கையே இங்கும் பின்பற்றுகிறார்கள்: தொடக்கப் பிரார்த்தனை, கபாலபாதி, அனுலோம விலோமம் ஆகிய மூச்சுப் பயிற்சிகள், சூரிய நமஸ்காரம், அதன்பின் சிரசாசனத்தில் தொடங்கித் திரிகோணாசனத்தில் முடியும் பன்னிரண்டு ஆசனங்கள், இடையிடையே சவாசனம்.

அந்த இடையிடையே வரும் சவாசனத்தில்தான் இந்த மரபின் உயிர் இருக்கிறது. சர்வாங்காசனத்திலிருந்து இறங்கி மல்லாந்து கிடக்கும்போது இதயத் துடிப்பு அடங்குவதை ஒருவர் விலகி நின்று கவனிக்கிறார். உடலில் நிகழ்வதைப் பார்க்கிறவன் உடல் அல்லன் என்ற வேதாந்தப் பாடத்துக்கு அதைவிட நல்ல செய்முறை விளக்கம் கிடைப்பது அரிது. ஆசிரியர் ஓய்வு பெற்ற பள்ளித் தலைமையாசிரியர் போல் நிதானமாகத் தமிழிலும் மலாயிலும் மாறி மாறிப் பேசுகிறார். சிரசாசனத்துக்குத் தயாராகாதவர்களை முன்கைகளை ஊன்றி இடுப்பை உயர்த்தும் டால்பின் நிலையிலேயே வாரக்கணக்கில் நிறுத்துகிறார், எவரையும் அவசரப்படுத்துவதில்லை.

இவ்வகுப்பில் மந்திர உச்சரிப்பு உண்டு என்பதைக் கால அட்டவணையிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். நம் நாட்டில் இது சிறிய செய்தி அன்று. 2008 நவம்பரில் தேசிய ஃபத்வா மன்றம், உடற்பயிற்சியும் வழிபாடும் மந்திரமும் இணைந்த யோகா முஸ்லிம்களுக்கு ஏற்றதன்று என்று அறிவித்தது. அதன்பின் அன்றைய பிரதமர் அப்துல்லா அகமது படாவி, மந்திரமற்ற வெறும் உடற்பயிற்சிக்குத் தடையில்லை என்று விளக்கினார். பல நிலையங்கள் எல்லா வகுப்புகளிலிருந்தும் ஓங்காரத்தைச் சத்தமின்றி நீக்கிவிட்டு, தத்துவம் மட்டும் அப்படியே இருப்பதாகக் காட்டிக்கொள்கின்றன. எந்த வகுப்பில் எது உண்டு, எது இல்லை என்று வெளிப்படையாக எழுதி வைப்பது வருகிற எல்லாருக்கும் மரியாதை செய்வதாகும்.

புதன்கிழமை யின் வகுப்பு இந்திய மரபைச் சேர்ந்ததன்று. பாலி ஜிங்க், பால் கிரில்லி ஆகிய அமெரிக்கர்கள் வழியே பரவிய இது, தாவோ சிந்தனையையும் சீன மருத்துவத்தின் ஆற்றல்வழிகளையும் ஆதாரமாகக் கொள்கிறது. தசைகளைத் தளர்த்தி, ஒரு நிலையில் மூன்று முதல் ஐந்து நிமிடம் வரை அசையாமல் இருந்து, மூட்டுகளைச் சுற்றிய இணைப்புத் திசுக்களை இழுப்பதே முறை. சீன ஆசிரியை ஆற்றல்வழிகளைப் பற்றி நம்பிக்கையோடு விளக்குகிறார். அதை ஏற்றாலும் ஏற்காவிட்டாலும் நாள் முழுவதும் நாற்காலியில் இருப்பவரின் இடுப்புக்கு இது நல்லது. தலைக்கு வைக்கும் உருளைகளுக்கு உறை மாற்றினால் நலம். கூடவே வெப்ப யோகா வகுப்பும் உண்டு. வெளியே முப்பத்துமூன்று டிகிரி கொளுத்தும் ஊரில் பணம் கட்டிச் சூட்டறைக்குள் போக எனக்கு மனம் வரவில்லை.

மாதாந்தரத் தத்துவ வகுப்பில்தான் ஏமாற்றம் அதிகம். கையேட்டில் பதஞ்சலி, பகவத் கீதை, ஹட யோக பிரதீபிகை மூன்றும் அடுத்தடுத்து மேற்கோள் காட்டப்பட்டு, எல்லாம் ஒன்றையே சொல்கின்றன என்று முடிக்கப்பட்டிருந்தது. அது சரியன்று. பதஞ்சலி, உணர்வும் இயற்கையும் வேறுவேறு என்னும் சாங்கியத் தத்துவத்தைத் தழுவியவர். அவர் நாடும் கைவல்யம் என்னும் விடுதலை, பார்க்கும் உணர்வாகிய புருஷனைப் பிரகிருதி என்னும் இயற்கையின் ஆட்டத்திலிருந்து பிரித்தறிவதில் கிடைப்பது. சிவானந்தரின் அத்வைதத்தில் இறுதியில் இரண்டே இல்லை. சுவாத்மாராமரின் பிரதீபிகையோ உடலில் ஆற்றல் ஓடும் நாடிகளையும் உறங்கிக் கிடக்கும் ஆற்றலான குண்டலினியையும் பேசி, உடலையே பட்டறையாக்கி, உடல்வழிப் பயிற்சியான ஹடத்தைத் தியான வழியான ராஜ யோகத்துக்கு ஏறும் படியாக வைக்கிறது. இந்த வேற்றுமைகளைச் சொல்லியிருந்தால், சனிக்கிழமை ஏன் கட்டை தேவைப்படுகிறது, ஞாயிற்றுக்கிழமை ஏன் சும்மா கிடக்கிறோம் என்பது வந்திருந்தவர்களுக்கு விளங்கியிருக்கும். ஓர் இளைஞர் இதே கேள்வியை எழுப்பியபோது, "எல்லா ஆறும் கடலுக்குத்தானே தம்பி" என்று சிரித்து நகர்ந்துவிட்டார் பேச்சாளர்.

இன்னொரு குறையும் உண்டு. வந்திருந்தவர்களில் பெரும்பான்மையினர் தமிழர்கள். ஆனால் திருமூலரின் பெயரே எடுக்கப்படவில்லை. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் இயமம் முதல் சமாதி வரை எட்டு உறுப்புகளையும் தமிழில் வரிசையாகப் பாடுகிறது. "உடம்பை வளர்த்தேன் உயிர்வளர்த் தேனே" என்ற அடி, உடலை விட்டு விலகுவதா, உடல் வழியே செல்வதா என்ற விவாதத்தில் தெளிவான ஒரு பக்கத்தை எடுக்கிறது. ஒரு மணி நேரத்தை அந்த ஒரே பாட்டில் செலவிட்டிருந்தாலும் பயன் மிகுந்திருக்கும். இந்தக் கருத்தை நிர்வாகத்திடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

மற்ற வசதிகள் சாதாரணமானவை. படிக்கட்டு செங்குத்து, மின்தூக்கி இல்லை. முட்டி வலி உள்ளவர்கள் யோசித்து ஏற வேண்டும். கார் நிறுத்த இடம் தேடுவதைவிட மோனோரயிலில் வந்து இறங்குவது மேல். மாதச் சந்தா 220 வெள்ளி (ரிங்கிட்). பத்து வகுப்புகளுக்கான அட்டை 250 வெள்ளி, மூன்று மாதங்கள் வரை செல்லும். சனி, ஞாயிறு வகுப்புகளுக்கு மட்டும் போகிறவர்களுக்கு அட்டையே இலாபம். முகப்பில் இருக்கும் பெண் சந்தாப் படிவத்தைத்தான் முதலில் நீட்டுவார், அட்டையைக் கேட்டு வாங்க வேண்டும்.