புது கிராஸ் போட்டதாகக் கராஜ்காரர் சொன்னார், அதில் அப்பா கீறிய தேதி இருந்தது

பெங்களூரில் பழைய கார் வைத்துக்கொண்டு, அதை ஒருமுறையாவது டிராக் ரேஸில் (நேர்ப் பாதையில் கால் மைல், அதாவது 402 மீட்டர் ஓட்டம்) ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் தயவுசெய்து இதை முழுக்கப் படியுங்கள். எனக்கு 86,000 ரூபாய் போனது. பணம் போனால் போகிறது, உயிர் தப்பியதே பெரிது என்ற நிலையில்தான் இதை எழுதுகிறேன்.

வண்டி அப்பாவுடையது. காண்டெஸா கிளாசிக், 1.8 லிட்டர் இசுசு பெட்ரோல் எஞ்சின், பின்சக்கரத்துக்குப் பவர் போகிற வண்டி. 2002-லேயே தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள், ஒரு கதவுக் கைப்பிடிக்குக்கூட ஜே.சி. ரோடு, சிவாஜிநகர் குஜிரி (பழைய பாகங்கள் விற்கிற சந்தை) என்று அலைய வேண்டும். அப்பா எச்.ஏ.எல்.லில் ஃபிட்டராக இருந்தவர். வண்டியில் எந்தப் பாகத்தை மாற்றினாலும் அதன் மேல் மாதத்தையும் வருடத்தையும் கீறிவைப்பார். எழுபதுகளில் சென்னைப் பக்கத்துச் சோழவரம் ரேஸ் பார்க்க இங்கிருந்து ரயிலேறிப் போவாராம், வந்து ஒரு வாரத்துக்கு அதே பேச்சாக இருப்பார் என்று அம்மா சொல்வார். 402 மீட்டரை இந்த வண்டி எத்தனை விநாடியில் கடக்கும் என்று தெரிந்துகொள்ளும் ஆசை அவருக்குக் கடைசிவரை இருந்தது. அவர் போய் ஆறு வருடம் ஆகிறது. நானாவது ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று நினைத்தேன்.

புகார் கொடுத்திருப்பதால் கராஜின் பெயரைப் போடவில்லை. பழைய வண்டிகளை ரேஸுக்குத் தயார் செய்து தருவதில் கராஜ்காரர் கெட்டிக்காரர் என்று கேள்விப்பட்டுப் போனேன். முதல் நாள் டேஷ்போர்டில் இருந்த முருகன் படத்தைப் பார்த்ததுமே, "அண்ணா, நம்ம ஜனம் நீங்க, உங்ககிட்டயா நான் காசு பாக்கப்போறேன்" என்றார். அந்த ஒரு வார்த்தையிலேயே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. கிளட்ச் செட், புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் (கியர் பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் பவர் கொண்டுபோகிற தண்டு) இரண்டு கிராஸ் (அதன் முனைகளில் மடங்கிச் சுற்ற உதவும் சிலுவை வடிவ இணைப்பு), ஷாஃப்ட் பேலன்சிங், பிரேக் வீல் சிலிண்டர், பின்னால் இரண்டு புது டயர், கார்புரேட்டர் டியூனிங், எல்லாம் சேர்த்து 86,000 என்று பேசினோம்.

மூன்று வாரம் ஆனது. நேரில் வருகிறேன் என்று எப்போது சொன்னாலும் "நாளைக்கு வாங்கண்ணா, வண்டி லிஃப்ட்ல இருக்கு" என்பார், வாட்ஸாப்பில் போட்டோ மட்டும் வரும். கருப்புப் பெயிண்ட் அடித்து ஷாஃப்ட் புதுசு போலப் பளபளவென்று இருந்தது. பில் கேட்டேன், "பில் போட்டா ஜிஎஸ்டி தனியா வரும்ணா, எதுக்கு வீணா" என்றார். 50,000 போன்பே, மிச்சம் கையில். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டபோது எல்லாம் குஜிரிக்குப் போய்விட்டதாகச் சொன்னார். காண்டெஸா பாகத்தைக் கேட்காமல் யாராவது பழைய இரும்புக்குப் போடுவார்களா என்று அந்த இடத்திலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ரேஸ் அன்று காலையில் வண்டிப் பரிசோதனை நடந்தது. பிரேக், சீட் பெல்ட், ஹெல்மெட், பேட்டரி கிளாம்ப், ஆயில் ஒழுகல் எல்லாம் பார்த்தார்கள். கிராஸுக்குள் இருக்கும் ஊசி பேரிங் தேய்ந்திருக்கிறதா என்று வெளியிலிருந்து எட்டிப் பார்த்தால் யாருக்கும் தெரியாது, அதனால் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். முதல் ஓட்டம் மெதுவாகத்தான் கிளப்பினேன், 20.8 விநாடி. பச்சை விளக்கு விழுந்த பிறகு நாம் தயங்குகிற நேரம் இதில் சேராது, வண்டி கோட்டை விட்டு நகர்ந்ததிலிருந்துதான் கடிகாரம் ஓடும். நேரம் போட்டுக் கொடுத்த சீட்டை அம்மாவுக்குப் போட்டோ எடுத்து அனுப்பினேன்.

இரண்டாவது ஓட்டத்தில் 3,500 ஆர்பிஎம்மில் கிளட்சை விட்டேன். நாலு கார் நீளம்கூடப் போகவில்லை, காலுக்கடியில் சம்மட்டியால் அடித்தது போல ஒரு சத்தம், அப்புறம் தொடர்ந்து படபடவென்று அடி, தரைத் தகடு என் இடது காலருகே மேலே புடைத்து வந்தது. எஞ்சின் அலறுகிறது, வண்டி போகவில்லை. சாவியைத் திருப்பி அணைத்தேன். பின்பக்கக் கிராஸ் உடைந்து ஷாஃப்ட் சுழன்று ஹேண்ட்பிரேக் கேபிளை அறுத்து, சைலன்சர் பைப்பை வளைத்து, கியர் பாக்ஸிலிருந்தே வெளியே வந்து விழுந்திருந்தது. கியர் ஆயில் தரையெல்லாம். முன்பக்கக் கிராஸ் உடைந்திருந்தால் ஷாஃப்ட்டின் முன்முனை தரையில் குத்தி வண்டியையே தூக்கிப் போட்டிருக்கக்கூடும். இதற்காகத்தான் வேகமான டிராக் கார்களில் ஷாஃப்ட்டைச் சுற்றி ஒரு இரும்பு வளையம் போடுகிறார்கள்.

சாதாரண ரோட்டில் இப்படிக் கிளப்பினால் டயர் வழுக்கிச் சுற்றிவிடும், கிராஸ் தப்பித்துவிடும். ரேஸ் நடக்கும் இடத்தில் கிளம்புகிற பகுதி ரப்பர் படிந்து பிடிப்பாக இருக்கும், டயர் வழுக்காது. முதல் கியரில் பெருகி வருகிற முறுக்குவிசை முழுக்க கிளட்ச், கிராஸ், ஆக்சில் மேல் இறங்கும். இருபது வருடம் மார்க்கெட்டுக்குப் போய் வந்த வண்டி ஒன்றும் ஆகாமல் இருந்தது என்பதற்கு இங்கே அர்த்தமே இல்லை.

வண்டியை அல்சூருக்கு இழுத்து வந்து, பக்கத்துத் தெரு மெக்கானிக் பாயிடம் காட்டினேன். எழுபது வயது, அப்பாவுக்குப் பழக்கம். உடைந்த கிராஸின் கப்பை (முனையை மூடுகிற மூடி) பெட்ரோலில் நனைத்த துணியால் துடைத்தார், புதுக் கருப்புப் பெயிண்ட் உரிந்து வந்தது. அடியில் கோணல்மாணலாக 11-98. அப்பா ஒன்பதை எப்போதும் வால் நீட்டித்தான் எழுதுவார். பாய் ஒன்றும் பேசாமல் அதை என் கையில் வைத்தார். பிறகு கிளட்சைப் பிரித்தோம், பிளேட்டில் ரிவெட் தலை தெரிகிற அளவுக்குத் தேய்மானம். டயரைக் கழற்றிப் பார்த்தால் தேதி எண் முழுதாக இருக்கும் பக்கத்தை உட்புறமாகத் திருப்பிக் கராஜ்காரர் மாட்டியிருக்கிறார். கடைசி நாலு எண் 2211, அதாவது 2011-இன் 22-வது வாரம் செய்த டயர்.

கராஜுக்குப் போய்க் கேட்டபோது, "ரேஸ்ல உடையறது சகஜம்ணா, ரோட்டுல ஆச்சுன்னு சொல்லி இன்சூரன்ஸ் வாங்கிக்கோங்க" என்றார். பொய் சொல்ல மாட்டேன் என்று வந்துவிட்டேன். உங்கள் பாலிசியை எடுத்துப் பாருங்கள், ரேஸ், வேகச் சோதனை இவற்றுக்குக் காப்பீடு இல்லை என்று அதிலேயே அச்சடித்திருக்கும்.

ஆகவே வேலைக்கு விடுகிறவர்கள், புதுப் பாகத்தை அட்டைப்பெட்டியோடு நீங்களே கண்ணால் பார்த்த பிறகு மாட்டச் சொல்லுங்கள். கழற்றியதை அன்றே கையில் வாங்குங்கள், தராவிட்டால் பணம் தராதீர்கள். வண்டிக்கு அடியில் படுத்து, ஷாஃப்ட்டை ஒரு கையாலும் கிராஸுக்கு அடுத்த பக்கத்தை மறு கையாலும் பிடித்து எதிரெதிராக முறுக்குங்கள், இரண்டுக்கும் நடுவில் துளி ஆட்டம் இருந்தாலும் ஓட்டாதீர்கள். ஜிஎஸ்டி போனாலும் பரவாயில்லை, பில் வாங்குங்கள்.

பில் இல்லாததால் சாந்திநகரில் நுகர்வோர் ஆணையத்தில் போன்பே ரசீதையும் வாட்ஸாப் பேச்சையும் வைத்துத்தான் மனு போட்டிருக்கிறேன். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். இதே மாதிரி பெயிண்ட் அடித்த பழைய பாகம் மாட்டப்பட்டு ஏமாந்தவர்கள் பெங்களூரில் இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள், போட்டோ இருந்தால் அனுப்புங்கள். அப்புறம், இசுசு எஞ்சின் காண்டெஸாவின் நல்ல புரொப்பெல்லர் ஷாஃப்ட் யாரிடமாவது இருந்தாலும் சொல்லுங்கள், நேரில் வந்து பார்த்து எடுத்துக்கொள்கிறேன்.