மிதி தீவனப்பெட்டி: சிறுவிடை வளர்ப்பவர்கள் வாங்கலாமா?

கோழி ஏறி நின்றால் மூடி திறக்கும், இறங்கினால் மூடிக்கொள்ளும். மிதி தீவனப்பெட்டியின் வேலை இவ்வளவுதான். எலிக்கு எடை போதாது, அதனால் தீவனம் தப்பிக்கும் என்பது விற்பவர்கள் சொல்லும் கணக்கு. இரண்டு கிலோ தேறும் கோழிகளுக்கு அது சரியாகவே வரும். ஆனால் நம் கொல்லைகளில் மேய்வது பெரும்பாலும் சிறுவிடை என்ற சின்ன நாட்டுக்கோழி. வளர்ந்த பெட்டை ஒரு கிலோ, மிஞ்சினால் ஒன்றேகால். அதே கொல்லையில் வளை தோண்டும் பெரிய பெருச்சாளி முக்கால் கிலோவுக்கு வரும். தின்று கொழுத்தது ஒரு கிலோவையும் தொடும். 200 கிராம் வீட்டெலியைச் சுமாரான பெட்டியே தடுத்துவிடும். பெருச்சாளியையும் சிறுவிடையையும் பிரித்தறிகிறதா என்பதில்தான் பெட்டியின் தரம் தெரியும்.

வாங்கும்போது முதலில் மூடியைக் கையால் தூக்கிப் பாருங்கள். சுண்டுவிரலால் நெம்பியதும் எழும்பினால் அப்படியே வைத்துவிட்டு வந்துவிடலாம். எலி மூக்காலேயே தூக்கிவிடும். மூடியை இழுத்துப் பிடிக்க ஸ்பிரிங்கோ எதிர் எடையோ இருக்க வேண்டும். அதன் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்க வசதியும் வேண்டும். மூடியின் ஓரத்தில் பென்சில் நுழைந்தால் சுண்டெலியும் நுழையும். அரை அங்குலச் சந்து எலிக்குட்டிக்குப் போதும்.

அடுத்தது மிதி. அகலமான மிதி பார்க்க நன்றாக இருக்கும், கோழியும் வசதியாக நிற்கும். ஆனால் அது நெம்புகோல். கீலிலிருந்து தள்ளி, வெளி ஓரத்தில் நிற்கும் முக்கால் கிலோ, உள் ஓரத்தில் நிற்கும் ஒரு கிலோவைவிட வலுவாக அழுத்தும். ஆகவே மிதியின் அகலம் நாலு விரலுக்கு மேல் வேண்டாம். கோழி கால் பிடித்து நிற்க அது போதும். மிதிக்கும் தீவனத்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். கோழி கழுத்தை நீட்டிக் கொத்திவிடும். எலி தீவனத்தை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தாலே மிதியிலிருந்து எடை போய் மூடி விழும்.

இதைச் சோதிக்கத் தராசு வேண்டாம். ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டை மிதியின் உள் ஓரத்தில் வையுங்கள்: மூடி முழுக்கத் திறக்க வேண்டும். பிறகு அரைக் கிலோவும் கால் கிலோவுமான இரண்டு பாக்கெட்டுகளைச் சேர்த்து வெளி ஓரத்தில் வையுங்கள்: திறக்கவே கூடாது. இரண்டுக்கும் நடுவே ஸ்பிரிங் நிற்கவில்லை என்றால் அந்தப் பெட்டி சிறுவிடைக்கு ஆகாது. இந்தச் சோதனையில் தேறியதையும் ஒரு கிலோ பெருச்சாளி திறந்துவிடும். அதற்குக் கூண்டுப் பொறிதான் வழி.

கோழியைப் பழக்குவதில் அவசரப்படுபவர்கள்தான் அதிகம். முதல் வாரம் மூடியை முழுக்கத் திறந்து போல்ட் போட்டு நிறுத்திவிடுங்கள். அடுத்த வாரம் பாதி திறந்த நிலையில் நிறுத்தினால், மிதித்ததும் மூடி சற்றே அசையும். அந்த அசைவுக்கும் சத்தத்துக்கும் கோழி பழகும். அதன்பிறகே போல்ட்டைக் கழற்ற வேண்டும். முதல் நாளே கழற்றினால் தகரம் 'டமார்' என்று விழும், கோழி மறுபடி அந்தப் பக்கமே வராது. மூடி விழும் இடத்தில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினால் சத்தமும் அடங்கும், பக்கத்தில் நின்று ஓசியில் தின்னும் கோழியின் தலையும் தப்பும். ஒரு கிலோவை எட்டாத குஞ்சுகளுக்கு இது ஒத்துவராது. அவற்றுக்குப் பகலில் தனித்தட்டு, பொழுது சாய்ந்ததும் அதை எடுத்துவிட வேண்டும். பத்துக் கோழிக்கு ஒரு பெட்டி என்பது உச்சவரம்பு. அதற்கு மேல் போனால் கொத்துவாங்கும் கோழிகள் பட்டினி.

தீவனச் சிந்தலுக்கு எந்த மூடியும் மருந்தில்லை. கம்பு, மக்காச்சோளம், குருணை கலந்து போட்டால் பிடித்ததைப் பொறுக்கிக்கொண்டு மீதியை அலகால் விசிறிவிடும். ராத்திரி எலிக்கு அந்தச் சிந்தலே விருந்து. குச்சித் தீவனம் (பெல்லட்) போடுங்கள். தொட்டியின் விளிம்பு உள்பக்கம் இரண்டு அங்குலம் மடிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். தூள் தீவனம் என்றால் பெட்டிக்குள் பாலம் கட்டி இறங்காமல் நின்றுவிடும், மழைக்காலத்தில் இன்னும் மோசம். ஒரு கோழிக்கு நாளுக்கு மிஞ்சினால் 100 கிராம். பத்துக் கோழிக்கு 10 கிலோ பெட்டி பத்து நாள் தாங்கும். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் மூன்று நாளுக்கு மேல் நிரப்பாதீர்கள், பூஞ்சை பிடித்துவிடும். மீதி மூட்டை தகர டிரம்மில் இருக்கட்டும். பிளாஸ்டிக் வாளியை எலி ஓரிரு ராத்திரியில் துளைத்துவிடும்.

விற்பவர்கள் சொல்லாத ஒன்று: தீவனம் கிடைக்காமல் போனதும் எலி ஊரைவிட்டுப் போகாது, முட்டைக்கும் குஞ்சுக்கும் வரும். பெட்டி வைக்கும் வாரத்திலேயே அடைக்கும் கூண்டைச் சுற்றிக் கால் அங்குலக் கண்ணுள்ள வெல்ட் மெஷ் அடித்து, அடியில் ஓர் அடி வெளிப்பக்கமாக மடித்து மண்ணில் புதையுங்கள். அறுகோணக் கண்ணுள்ள கோழிவலை கோழியை உள்ளே வைக்குமே ஒழிய எலியைத் தடுக்காது. கூண்டுப் பொறியில் கருவாடோ தேங்காய்ச் சில்லோ வைத்து, நாலு நாள் பொறியை ஏற்றாமல் விடுங்கள். புதுப்பொருளை எலி உடனே நம்பாது. எலி விஷம் கோழி மேயும் இடத்தில் வேண்டவே வேண்டாம். விஷம் தின்ற எலியைக் கொத்தும் கோழியும், அந்த எலியைத் தின்னும் ஆந்தையும் பூனையும்கூட மாட்டிக்கொள்ளும்.

விலை சாதாரணத் தொங்கு தட்டைவிடப் பல மடங்கு. நாலைந்து கோழிதான், மாலையில் ஆறு மணிக்குத் தட்டை எடுத்து உள்ளே வைக்க ஆள் இருக்கிறார் என்றால் இந்தச் செலவு வீண். பகலில் அணிலும் மைனாவும் காகமும் பங்கு கேட்கும் கொல்லை, அல்லது ஆளில்லாத தோட்டம் என்றால் வாங்கலாம். உள்ளூர் வெல்டிங் பட்டறையில் செய்யச் சொன்னால், கீலையும் இணைப்புக் கம்பியையும் ரிவெட் அடிக்காமல் போல்ட்டும் வாஷரும் போட்டு மாட்டச் சொல்லுங்கள். தவிட்டுத்தூசி அடைத்து முதலில் இறுகுவது அந்த மூட்டுகள்தான். கழற்றித் துடைக்க முடிய வேண்டும். எண்ணெய் விட்டால் தூசி ஒட்டிப் பசையாகிவிடும்.