இரத்மலானை – பலாலி விமானம்: வீட்டு வாசலிலிருந்து கணக்குப் பார்த்தால்

கொழும்புக்குத் தெற்கே உள்ள இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலிக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 330 கிலோமீற்றர். தூரம் கணிக்கும் இணையத்தளங்கள் இதைச் சரியாகத்தான் காட்டுகின்றன. நேரத்தை நம்பிவிடாதீர்கள். மணிக்கு 800 கிலோமீற்றர் பறக்கும் ஜெட்டை வைத்து, ஏறி இறங்கும் நேரத்தையும் சேர்த்து, அவை முக்கால் மணி, ஐம்பது நிமிடம் என்று கணக்குச் சொல்லும். செஸ்னா கரவான் போன்ற ஒற்றை எஞ்சின் விமானத்தின் வேகமோ மணிக்கு 315 கிலோமீற்றர் அளவுதான். தரையில் நகர்வதும் மேலேறுவதும் சேர்த்து 70 நிமிடம் என்று வையுங்கள். மார்கழி, தை மாதங்களில் வாடைக்காற்று எதிர்த்தால் போகும்போது ஐந்தாறு நிமிடம் கூடும், திரும்பும்போது அதே அளவு குறையும்.

வெள்ளவத்தையில் இருப்பவருக்கு இந்தச் சேவை உண்மையிலேயே நல்லது. காலி வீதியால் ஏழு கிலோமீற்றர் போனால் இரத்மலானை. கட்டுநாயக்க சர்வதேச விமான நிலையத்துக்கு ஓடும் அலைச்சல் இல்லை. காலை நெரிசலுக்கு 40 நிமிடம், விமான நிலையத்தில் ஒரு மணி, பறப்பு 70 நிமிடம், பலாலியிலிருந்து யாழ் நகருக்கு 17 கிலோமீற்றர் அளவு, அதற்கு இன்னொரு 40 நிமிடம். மொத்தம் மூன்றரை மணி. ஏ9 வீதியால் வாகனத்தில் போனால் ஏறத்தாழ 400 கிலோமீற்றர், சாப்பாட்டுக்கு நிற்பதோடு எட்டு மணி. வயதானவர்களுக்கும், ஒரே நாளில் காணி அலுவல் முடிக்க வேண்டியவர்களுக்கும் இந்த வித்தியாசம் பெரிது. கொட்டாஞ்சேனை, வத்தளைப் பக்கத்தவர்கள் நகரைக் கடந்து தெற்கே வர வேண்டும். அவர்களுக்கு மிச்சப்படும் நேரத்தில் ஒரு மணியாவது வீதியிலேயே போய்விடும்.

பதிவு செய்யும்போது 'கொழும்பு' என்று மட்டும் தேடாதீர்கள். அது கட்டுநாயக்கவை (சிஎம்பி) எடுத்துவிடும். இரத்மலானையின் குறியீடு ஆர்எம்எல், யாழ்ப்பாணத்தினுடையது ஜேஏஎஃப்.

அதிகம் சிக்கல் வருவது பாரத்தில். சிறிய விமானத்தில் எரிபொருள், ஆட்கள், பொதிகள் மூன்றும் ஒரே எடைக்கணக்குக்குள் அடங்க வேண்டும். அதனால் பயணிகளையும் தராசில் ஏற்றலாம். பெரிய விமானத்தின் 20, 30 கிலோவை நினைத்துக்கொண்டு வந்தால் பொதியை விட்டுவிட்டுத்தான் போக வேண்டிவரும். பயணச்சீட்டில் எழுதியிருக்கும் கிலோவுக்குள் பொதி அடங்குகிறதா என்று வீட்டுத் தராசிலேயே நிறுத்துப் பாருங்கள். திரும்பி வரும்போது பனங்கட்டி, கருவாடு, மாம்பழப் பெட்டி என்று சேருமே, அவற்றை முதல்நாளே பஸ்ஸில் அனுப்பிவிடலாம்.

கரவானின் உள்ளே காற்றழுத்தத்தைச் சீராக்கும் வசதி இல்லை. கடும் தடிமனோடு ஏறினால் இறங்கும்போது காது குத்தும். பிற்பகலில் தரை சூடேறியதும் குலுக்கலும் கூடும், ஆகவே காலைப் பறப்பு மேல். போகும்போது இடது ஜன்னல் கிடைத்தால் புத்தளம் களப்பு வரை கரையோரம் தெரியும். இறக்கை மேலே இருப்பதால் மறைக்காது.

பலாலியில் ஓட்டோ வாசலில் நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். வாகனத்தை முன்கூட்டியே சொல்லிவைத்து, சாரதியின் தொலைபேசி இலக்கத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு விமான நிலையங்களும் படைத்தள வளவில்தான், ஆகவே தேசிய அடையாள அட்டையின் மூலப்பிரதி கையில் இருக்கட்டும்.