வண்டிக்குக் கோடு ஒட்டக் கொடுப்பதற்கு முன்னால்

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் வேனோ குட்டியானையோ வைத்திருப்பவர்கள், பக்கவாட்டில் நீளமாகக் கோடு ஸ்டிக்கர் ஒட்டும் யோசனையில் இருந்தால் அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். கடையின் பெயரை எழுதவில்லை. வேலை நடந்த விதத்தைச் சொன்னாலே போதும், இதே மாதிரி வேறு யார் செய்தாலும் உங்களுக்குப் பிடிபட்டுவிடும்.

என்னுடையது வெள்ளை நிற டூரிஸ்ட் வேன். முதலாளி, டிரைவர் எல்லாம் நான்தான். கன்னியாகுமரி, பத்மநாபபுரம் அரண்மனை, திற்பரப்பு என்று ஓட்டம். கார்த்திகை பிறந்தால் சபரிமலை. போன ஏப்ரலில் இரண்டு பக்கமும் 18 அடிக்கு ஒரு நீலக் கோடும், அதன் கீழே ஒல்லியாக ஓர் ஆரஞ்சுக் கோடும் ஒட்டக் கொடுத்தேன். பேசியது 7,500 ரூபாய். அதில் 5,000 முன்பணம். "காஸ்ட் வினைல்தான் அண்ணாச்சி, ஏழு வருஷம் அசையாது" என்றார் கடைக்காரர். வினைல் என்பது ஸ்டிக்கருக்கான பிளாஸ்டிக் படலம், காஸ்ட் அதில் உசத்தி வகை.

வண்டியை நிறுத்தச் சொன்னது கடை முன்னால், சரிவான ரோட்டோரத்தில், நட்டநடு மதியம். தகட்டில் கை வைக்க முடியாத சூடு. நிழலுக்கு எடுக்கவா என்று கேட்டேன். "சூட்டில்தான் நல்லாப் பிடிக்கும்" என்று பதில் வந்தது. எனக்கு முதல் சந்தேகம் அங்கேயே வந்தது, ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன். உண்மையில் தகடு அந்தச் சூட்டில் இருந்தால் பசை தொட்டவுடன் கவ்விவிடும். கோணலாக விழுந்தால் எடுத்துத் திருத்த வழியில்லை, காற்றுக் குமிழும் உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

அப்புறம் ரசமட்டம் வைத்து அளவு குறித்தார். அதைப் பார்த்து, நறுவிசான ஆள் என்று நினைத்துவிட்டேன். வண்டியே சரிவில் நிற்கும்போது ரசமட்டம் எதற்கு? அது பூமிக்கு மட்டம் காட்டுமே தவிர வண்டியின் உடம்புக்குக் காட்டாது. அரை டிகிரி சரிவு கண்ணுக்கே தெரியாது. ஆனால் 18 அடி போய்ச் சேரும்போது அது 2 அங்குலம் ஆகிவிடும். எங்கள் தெரு சமதளத்தில் கொண்டு நிறுத்திப் பார்த்தால், ஜன்னலுக்குக் கீழே கோடு பின்பக்கம் ஏறிப் போயிருந்தது. எழுத்தில் சின்னப் பிசகு இருந்தால் கண் மன்னித்துவிடும். நீளக் கோட்டில் அது நடக்காது, பக்கத்திலேயே ஜன்னல் விளிம்பு நேராக ஓடிக் காட்டிக்கொடுத்துவிடும்.

கோடும் ஒரே துண்டு இல்லை. ஸ்டிக்கர் வெட்டும் மெஷினான பிளாட்டரில் நீளமாக ஓட்டினால் ரோல் பக்கவாட்டில் நகர்ந்துவிடுகிறது என்று ஆறு ஆறு அடியாக மூன்று துண்டு வெட்டி, நுனியோடு நுனி முட்ட வைத்து ஒட்டினார். அலை தெரிந்த இடத்தில் இழுத்துப் பிடித்து நேராக்கினார். இதையெல்லாம்கூட பொறுத்துக்கொள்ளலாம். எனக்கு ஆறவே ஆறாதது, மிச்சத்தை வண்டி மேலேயே பிளேடு வைத்து வெட்டியதுதான். கேட்டதற்கு, "பெயிண்டில் படாது, மேலாப்பிலதான் வெட்டுவேன்" என்றார்.

ஜூன் சாரல் தொடங்கியதும் துண்டுகளுக்கு நடுவே இடைவெளி விட்டது. ஓரம் சுருங்கிய இடத்தில் பசை மட்டும் வெளியே நிற்க, அதில் மண் ஒட்டிக் கறுப்பாக ஒரு பட்டை. நமக்கோ இரண்டு பருவமழையும் உண்டு, போதாததற்குக் கடல் உப்புக்காற்று. ஐப்பசி மழை முடிவதற்குள் பிளேடு பட்ட இடமெல்லாம் மெல்லிய துருக் கோடு. கடைக்குப் போனால், "மழைக்கு நாங்க பொறுப்பில்லை". பில்லில் எழுதியிருந்தது "ஸ்டிக்கர் வேலை" என்ற இரண்டே வார்த்தை.

தக்கலையில் தெரிந்த ஒரு பெரியவர், தூரிகையால் போர்டு எழுதி வந்தவர், இப்போது ஸ்டிக்கரும் ஒட்டுகிறார். வண்டியின் பின்மூலையில் ஒரு கண்ணை மூடிக் குனிந்து பார்த்துவிட்டு, "நூல் அடிச்சானா மக்கா?" என்றுதான் முதலில் கேட்டார். இல்லை என்றேன். ஒரு ஓரத்தை உரித்துப் பார்த்து, இது காஸ்ட் இல்லை, சாதாரண காலண்டர்ட் என்றார். காஸ்ட் படலத்தைத் திரவமாக ஊற்றிக் காயவைத்து எடுப்பார்களாம்; இழுபடாததால் அவ்வளவாகச் சுருங்காது. மற்றது உருளைகளுக்கு நடுவே நசுக்கி இழுத்து வருவது, வெயில் பட்டால் பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும். கை வைத்து இழுத்தும் ஒட்டினால் கேட்கவே வேண்டாம்.

அவர் செய்த முறையைச் சொல்கிறேன். பழையதை ஹேர் டிரையர் சூடு காட்டி மெதுவாக உரித்து, பசையைத் துடைத்தார். துருவைத் தேய்த்து பிரைமரும் பெயிண்டும் போட்டார். பெயிண்ட் நன்றாகக் காயும்வரை ஸ்டிக்கர் பக்கமே போகவில்லை. ஈரப் பெயிண்டிலிருந்து வரும் ஆவி குமிழாகிவிடும் என்றார். பிறகு ஒரு காலை வேளை, ஷெட்டுக்குள் வண்டி. ஜன்னலின் கீழ் விளிம்பிலிருந்து நான்கைந்து இடத்தில் ஒரே அளவு குறித்து, சாக்பொடி தடவிய நூலை இழுத்து அடித்தார். 18 அடியும் ஒரே துண்டு. முன் நுனியை மட்டும் ஒட்டிவிட்டு, பின்கோடிக்குப் போய், விறைப்பாக நிற்கும் அளவுக்கு மட்டும் பிடித்தார். விறைப்பாகப் பிடித்த பட்டை தானே நேர்கோடாகிவிடுகிறது, ஒட்டுகிறவர் கண்ணை நம்ப வேண்டியதில்லை. ஓரப்பார்வை பார்த்து நூல் தடத்தில் மெல்ல இறக்கிய பிறகுதான், நடுவிலிருந்து இரண்டு பக்கமும் தேய்த்தார். பிளேடு போனது கதவு இடுக்கில் மட்டும், நுனியை உள்ளே மடித்துவிட்டார்.

சபரிமலை சீசனின் தொடக்கத்தில் வண்டி நின்றதில் எனக்குப் போன வாடகை, பேசிய 7,500-ஐவிட அதிகம்.

ஆகவே நூல் அடிக்காமல் ஒட்டத் தொடங்கினால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள், அட்வான்ஸ் போனாலும் பரவாயில்லை. ரோலின் பின்தாளில் அச்சிட்டிருப்பதைப் படித்து போட்டோ எடுங்கள். வினைலின் பெயர், வகை, எத்தனை வருட உத்தரவாதம் என்பதை பில்லில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால், சொன்ன சரக்கைப் போடப் போவதில்லை என்று சந்தேகப்படுங்கள்.

நான் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அங்கே முடியாவிட்டால் நாகர்கோவிலில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. சொந்தப் பிழைப்புக்காக ஓட்டும் வண்டி என்றால் நாமும் நுகர்வோர்தான். உரித்த துண்டுகளையும் துருவின் படங்களையும் தேதி போட்டு எடுத்து வைத்திருக்கிறேன்.